ஆடு தின்ற மருந்து

மாப்போ மேடு, இபாதான்.
புதன்கிழமை காலை.

என் அருமை மருமகன் துரோதிமிக்கு உன் தாய்மாமன் அதிகுன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் மாமியும் வீட்டுத் தகரக் கூரையும் சுகம். போன மழையில் கூரைக்கு மட்டும் லேசாக உடம்பு சரியில்லாமல் போய், இப்போது தேறிவிட்டது. அங்கே மைடுகுரி வெயிலில் நீயும் உன் மனைவியும் கைக்குழந்தையும் வாடாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நடந்தது அத்தனையையும் நான் முன்கூட்டியே சொன்னவன். உன் அம்மா கண்ணில் புரை விழும் என்றேன், விழுந்தது. அவளுக்குச் சர்க்கரை இருக்கும் என்றேன், இருந்தது. "உனக்கு எப்படிடா தெரியும்?" என்று ஊரே கேட்டது. ஆஸ்பத்திரி ஜீப்பை இத்தனை காலம் ஓட்டியவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? பின்சீட்டில் டாக்டர்கள் பேசுகிற வைத்தியம் முழுக்க முன்சீட்டுக்காரன் காது வழியாகத்தான் வெளியே போயாக வேண்டும். போகிற வழியில் பாதி எனக்குள்ளேயே தங்கிவிட்டது. என் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது உண்மைதான். ஆனால் அறிவு நிற்கவில்லை, ஜீப்பில் ஏறிக்கொண்டது.

விஷயத்துக்கு வருகிறேன். ஈஸ்டருக்கு நீ வந்திருந்தபோது குழந்தையை உன் அம்மா மடியில் வைத்தாயே, அவள் அதன் முகத்தை விரலாலேயே தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "மூக்கு நம்ம வீட்டு மூக்கு. மீதியக் கண்ணால பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாளே, அன்றைக்கே அவளுக்கு இரண்டு கண்ணிலும் புகைதான் தெரிந்தது. கையில் இருந்த தழும்பு இஸ்திரிப் பெட்டி சுட்டது என்று உன்னிடம் சொன்னாள். இஸ்திரிப் பெட்டியாவது ஒன்றாவது! கொதிக்கிற அமலாக் களிப் பானைக்குள் துடுப்பைப் போடுகிறேன் என்று கையைப் போட்டுவிட்டாள். அமலாக் கடையை மூடு என்றால் கேட்கிறாளா? "களி வெந்துச்சான்னு துடுப்புச் சத்தமே சொல்லும், நீ சும்மா இரு" என்பாள். இந்த நிலையில்தான் லாகோஸிலிருந்து கண் டாக்டர்கள் கூட்டம் ஒன்று இங்கே ஆஸ்பத்திரியில் வந்து இறங்கியது. மாதக் கடைசி வரை இருப்பார்கள், பிறகு வேறு ஊர். திரும்ப எப்போது வருவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. உன் அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். டாக்டர் கண்ணைப் பார்த்தார், புரையை எடுத்துவிடலாம் என்று சந்தோஷப்பட்டார். ரத்தத்தைப் பார்த்தார், முகம் இருண்டுவிட்டது. "சர்க்கரை இவ்வளவு இருக்கும்போது நான் கத்தி வைக்க மாட்டேன். புண் ஆறாது. கிருமி புகுந்தால் கண்ணே போய்விடும். நாங்கள் ஊரை விட்டுக் கிளம்புவதற்குள் இறக்கிக்கொண்டு வாருங்கள்" என்றார். உன் அம்மா திரும்பி என்னைக் கேட்டாள், "இறக்கிட்டு வர்றதுக்கு அது என்னடா, தலைச்சுமையா?"

அங்கே மோரெனிகே என்று ஒரு நர்ஸ். நெட்டை. சிரித்தால் வேலை போய்விடும் என்று யாரோ பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். அவள் சொன்னாள்: "அம்மா, குடுக்கிற மாத்திரைய ஒரு வேளை கூட விடக் கூடாது. அமலாவக் குறைங்க. அதுக்குப் பதிலா தினமும் காராமணி சாப்பிடுங்க."

"அமலா விக்கிறவகிட்ட அமலாவக் குறைன்னு சொல்றியே தாயி, மீனப் பார்த்து ஈரத்தக் குறைன்னு சொல்லுவியா?"

"களி வயித்துல விழுந்ததும் கரைஞ்சு, சர்க்கரையா ரத்தத்துக்குள்ள ஓடுது. காராமணியில நாரும் புரதமும் இருக்கு. அது மெதுவாத்தான் கரையும். பசியையும் கட்டிப் போடும். அவ்வளவுதான்."

இதை நான் உடனே புரிந்துகொண்டு உன் அம்மாவுக்கு நம் பாஷையில் விளக்கினேன். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் இல்லாத பஸ் வந்து நின்றால் என்ன ஆகும்? அத்தனை ஜனமும் ஒரே நேரத்தில் குதித்து, இடித்து, ரோட்டையே அடைத்துவிடும். அதுதான் அமலா. காராமணியில் நார் என்கிற கண்டக்டர் கதவில் நிற்கிறான். "தள்ளாதே, ஒவ்வொருத்தரா இறங்கு" என்கிறான். ரோடு காலியாகவே இருக்கும். நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பொறாமையாக இருக்கலாம்.

ஆஸ்பத்திரி வாயால் காராமணி என்று வந்த பிறகு நம் வீட்டில் குறை வைப்போமா? அன்றே போடிஜா சந்தைக்குப் போய் ஒரு மூட்டை வாங்கினேன். சந்தைக்காரி தேன் காராமணியைக் காட்டினாள். சர்க்கரைக்காரிக்குத் தேன் என்று பெயர் வைத்ததைக் கொடுக்கலாமா என்று தூரப் போடச் சொல்லிவிட்டு வேறு வாங்கினேன், அவ்வளவு ஜாக்கிரதை. ஊற வைத்து, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து, ஒரு தோல் மிச்சமில்லாமல் கழுவி, முத்து மாதிரி வெள்ளையாக்கினோம். தோலோடு கடைந்தால் நாலு பேர் சோம்பேறி வீடு என்பார்கள் அல்லவா? உரித்த தோலையெல்லாம் கொல்லையில் ஆட்டுத் தொட்டியில் கொட்டினேன். பருப்பைக் கடைந்து பொன் நிறத்தில் பெகிரிக் குழம்பு வைத்தோம், சட்டி சட்டியாக. இப்போது நீயே சொல், குழம்பு கூடினால் அதற்குத் தகுந்த அமலா கூட வேண்டாமா? வெறும் குழம்பைக் குடிப்பதற்கு நாம் என்ன காய்ச்சல்காரர்களா? "மருந்து நிறைய ஏறணும்னா வண்டி பெருசா இருக்கணும்" என்று உன் அம்மா சொன்னாள், எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. உருண்டைகள் வளர்ந்தன. காலையில் அதே வெள்ளைப் பருப்பை அரைத்துச் சுட்ட அகாரா வடை, கூடக் குடிக்க இனிப்புச் சோளக் கஞ்சி. மூன்று வேளையும் காராமணி! இந்த ஊரில் எவனாவது இப்படி ஆஸ்பத்திரி சொல்லைக் கேட்டிருப்பானா?

அடுத்த வாரம் பெருமையோடு போய் உட்கார்ந்தோம். நர்ஸ் விரலில் குத்தி, சொட்டு ரத்தத்தை அந்தக் கையடக்க மிஷினில் வைத்தாள். மிஷினைப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். மறுபடி குத்தினாள்.

"ஏறியிருக்கு."

"மிஷின் பழுதா இருக்கும்" என்றேன் நான்.

"என்ன சாப்பிட்டீங்க அம்மா?"

"காராமணி."

"வேற?"

"காராமணிதான். இவனக் கேளு."

"காராமணிய எதோட சாப்பிட்டீங்க?"

உன் அம்மா முகட்டைப் பார்த்தாள், தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு. நான் சுவரில் இருந்த தடுப்பூசிப் படத்தை வாசிக்க ஆரம்பித்தேன். நர்ஸ் குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "டாக்டர்கள் கிளம்ப இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. இப்படியே போனா இந்த அம்மா இருட்டிலேயே இருக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். வீட்டு வாசலில் உன் அம்மா, "அப்போ அந்தக் குழந்தையோட கண்ணு எப்படின்னு எனக்குத் தெரியாமலே போயிருமாடா?" என்று கேட்டாள். நான் அதற்குத் தக்க பதில் ஒன்று வைத்திருந்தேன், ஆனால் ஆட்டுக்குத் தோல் கொட்டுகிற நேரம் ஆகிவிட்டது.

மறுநாள் அந்த நர்ஸ் வேலை முடிந்து நேரே நம் கடைக்கே வந்துவிட்டாள். நான் அழைத்துத்தான் வந்தாள் என்று வைத்துக்கொள். கொல்லைப் பக்கம் நடந்தவள் ஆட்டுத் தொட்டி முன்னால் நின்றுவிட்டாள். நம் ஆட்டை உனக்குத் தெரியும், இந்த மேட்டில் பெயர்போன திருடன், நாள் முழுக்கக் கிழங்குத் தோலுக்கு அடுப்படியை முற்றுகை போடுகிறவன். அவன் மெத்தென்று படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தான். முன்னால் கிழங்குத் தோல் குவிந்து கிடக்கிறது, மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்!

"இதுக்கு என்ன போடுறீங்க?"

"காராமணித் தோல்தான். நிறைய இருக்கே, வீணாக்கக் கூடாதுன்னு..."

அவள் இடுப்பில் கையை வைத்தாள். "நாரு பெரும்பாலும் அந்தத் தோல்லதான்யா இருக்கு. அதை உரிச்சு ஆட்டுக்குப் போட்டுட்டு, மிச்சத்த அமலா மலை மேல ஊத்தி அம்மாவுக்குக் குடுத்திருக்கீங்க. இந்த வீட்டுல என் பேச்சக் கேட்டு நடந்த ஒரே ஆளு இந்த ஆடுதான்."

உன் அம்மா சமையல் கட்டிலிருந்தே கத்தினாள், "அப்போ அந்த ஆட்டுக்கே ஆபரேஷன் பண்ணச் சொல்லு!"

தோல் விஷயம் எனக்கு முன்பே தெரியும். ஆட்டை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தேன். அதை விடு. அன்றிலிருந்து கட்டளை மாறியது. தோலோடு முழுக் காராமணி. ஊற வைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, மெத்தென்று வேக வைத்து, மிளகாயும் வெங்காயமும் கீரையும் சேர்த்து ஒரு கிண்ணம். அமலா ஒரு கைப்பிடி, அதுவும் காராமணி உள்ளே போன பிறகுதான். பிரெட் கிடையாது, பழுத்த வாழைக்காய் வறுவல் கிடையாது, கஞ்சியில் சர்க்கரை கிடையாது. வயிறு முதலில் கலகம் செய்தது. எப்படிப்பட்ட சத்தம் என்று மரியாதை கருதி எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியார் இரண்டு முறை பிரசங்கத்தை நிறுத்திவிட்டு மழை வருகிறதா என்று ஜன்னலைப் பார்த்தார், அவ்வளவு சொன்னால் போதும். பிறகு வயிறு பழகிவிட்டது. ஆனால் அதைவிடப் பெரிய இடி வெளியிலிருந்து வந்தது. கடை திறக்கும்போது உன் அம்மா முதல் உருண்டையைத் தன் வாயில் போட்டுக் காட்டிவிட்டுத்தான் வியாபாரம் தொடங்குவாள் என்பது உனக்குத் தெரியும். இப்போது அவள் ஓரமாக உட்கார்ந்து காராமணி தின்கிறாள். ஒரு டாக்ஸிக்காரன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"ஏன் அம்மா, உங்க அமலாவ நீங்களே தொட மாட்டேங்குறீங்க. பானைக்குள்ள என்ன விழுந்துச்சு?"

"உன் புத்திதான்டா விழுந்துச்சு, தேடிட்டு இருக்கோம்" என்றாள் உன் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் மறுநாள் பெஞ்சு பாதி காலி. கீழ்த்தெருக் கடைக்காரி பல்லி என்று பரப்பிவிட்டாள், சாயங்காலத்துக்குள் பல்லி பாம்பாகிவிட்டது. "கண்ணு வந்து கடை போனா, காலிப் பெஞ்ச நல்லாப் பார்க்கலாம்" என்று சொல்லி உன் அம்மா அமலாப் பானை பக்கம் கையை நீட்டினாள். அங்கேதான் உன் மாமன் எழுந்தான். கடை நடுவில், எல்லோரும் பார்க்க உட்கார்ந்து, முதல் உருண்டை, இரண்டாம் உருண்டை என்று மலையையே சாய்த்துக் காட்டினேன். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. வயிறு வெடித்தாலும் சிரித்த முகத்தோடு. கூட்டம் திரும்ப வந்தது. என்னைப் பார்க்கவே ஒசோக்போவிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள் என்கிறார்கள், நான் எண்ணவில்லை.

இனிமேல் எழுதப்போவதை உட்கார்ந்துகொண்டு வாசி. கடைசிச் சோதனைக்கு முந்தின நாள் மதியம், கடை ஓய்ந்த நேரம், பின்கட்டுக்குப் போகிறேன், உன் அம்மா பானை முன்னால் குந்தியிருக்கிறாள், கையில் அமலா உருண்டை! "அக்கா, கீழ வைங்க! நாளைக்கு டாக்டரு முன்னால போகணும், எல்லாம் வீணாப் போயிரும்!" என்று பாய்ந்தேன். அவள் உருண்டையைக் குழம்பில் தொட்டு வாயில் வைத்தாள், மென்றாள், இரண்டாவது கிள்ளு எடுத்தாள். பிறகு கையை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தாள். மீதியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"வேணாம்டா. பசிக்கல."

துரோதிமி, உன் அம்மா தட்டில் அமலாவை மீதி வைத்து நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. மலேரியாவில் பல் தந்தியடித்தபோதும் ஒரு கவளம் விட்டதில்லை. நம் குடும்பத்தில் அமலாவை மீதி வைத்தவர்கள் எல்லோரும் அந்த வாரமே செத்துப் போனார்கள். "அக்கா, நெஞ்சு வலிக்குதா?" என்றேன். "இல்ல." "கை கால் மரத்துப் போச்சா?" "இல்லடா. காலைல தின்ன காராமணி இன்னும் உள்ளயே உக்காந்திருக்கு. எழுந்து போக மனசில்ல போல." நான் செருப்பைக் கூடப் போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஜீப் ஓட்டிய காலத்தில் கூட அவ்வளவு வேகம் போனதில்லை. நோயாளிகள் வரிசையை உடைத்துக்கொண்டு போய், மூச்சு வாங்க, "நர்ஸம்மா, அக்கா போயிரப் போறா! பசிக்கலங்கிறா!" என்று கத்தினேன். மோரெனிகே என்னை உட்கார வைத்தாள். அக்காவுக்குக் கை நடுங்கியதா, மயக்கம் வந்ததா, மாத்திரை சரியாகச் சாப்பிட்டாளா என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் சரியான பதில் சொன்னேன். அப்புறம் அந்த அதிசயம் நடந்தது, அவள் சிரித்துவிட்டாள். "அதுக்குத்தான்யா காராமணி குடுத்தது. நாரும் புரதமும் வயித்துலயே தங்கி நிக்குது, அதான் பசி அடங்கியிருக்கு. உங்க அக்கா சாகல. வயிறு நிறைஞ்சிருக்கு."

மறுநாள் ஊசி குத்தினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன், பிரார்த்தனைக்காகத்தான். டாக்டர் கிழித்த கோட்டுக்குக் கீழே! நல்ல கீழே! உன் அம்மா நாற்காலியிலேயே ஆடினாள். அத்தோடு அந்த நர்ஸ் சும்மா விட்டிருக்கலாம். "நீங்களும் கையை நீட்டுங்க" என்றாள். "எனக்கு எதுக்கு?" என்றேன். "உங்க தொப்பையப் பார்த்தா எனக்கு ஒரு சந்தேகம்" என்றாள். குத்தினாள். மிஷினைத் தட்டினாள். மறுபடி குத்தினாள். அக்காவிடமிருந்து இறங்கிய சர்க்கரை எங்கே போயிற்று என்று தெரிந்துவிட்டது, மருமகனே. குடும்பத்துக்குள்ளேயேதான் இருந்திருக்கிறது. உன் அம்மா சிரித்த சிரிப்பில் வார்டு முழுக்க எழுந்து உட்கார்ந்தது.

பிறகு ஆபரேஷன். ஒரு கண் முதலில், அடுத்தது பிறகு. உள்ளே கூட்டிப் போகும்போது என் விரலைப் பிடித்திருந்தவள் விட்டுவிட்டுப் போனாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். நடுங்கினேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே, அந்தப் பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. உள்ளே கத்தி வைக்கும் நேரத்தில் எனக்கு வந்த ஒரே யோசனை, அந்த முதல் வாரம் நான் ஊட்டி விட்ட குழம்பு எங்காவது அவள் ரத்தத்தில் மிச்சம் இருந்துவிடக் கூடாதே என்பதுதான். ஆனால் எல்லாம் நான் சொன்னபடியே நடந்தது. இன்று காலை கட்டைப் பிரித்தார்கள். உன் அம்மா கண்ணைச் சிமிட்டினாள், தண்ணீர் வழிந்தது, என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அதிகுன், உன் தலைமுடி எங்கடா?" என்றாள். நான் சட்டைப் பையிலிருந்து குழந்தையின் போட்டோவை எடுத்து நீட்டினேன். அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். "மூக்கு நான் சொன்ன மாதிரியேதான். கண்ணு என் அம்மா கண்ணு" என்றாள். வார்டில் அழாத ஆள் இல்லை, டாக்டர் உட்பட.

ஆகவே நீ வேலையை விட்டு ஓடி வர வேண்டியதில்லை. உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைக்கு என் முத்தம், மூக்கின் மேல். உன் கூரை ஒழுகாமல், உன் தட்டு காலியாகாமல், தட்டில் காராமணி தோலோடு இருக்கும்படி கடவுள் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்ன உன் மாமன்,
அதிகுன்

பின்குறிப்பு: இன்று புதன்கிழமை அல்ல, செவ்வாய்க்கிழமை. மைடுகுரி பஸ் டிரைவர் சாலிசு இன்று மதியமே கிளம்புகிறான், அவனை விட்டால் கடிதம் கொண்டுவர அடுத்த வாரம்தான் ஆள். நாளைக் காலைதான் கட்டைப் பிரிப்பார்கள். அதனால் ஆபரேஷன் நடக்கும்போதே அந்தக் குட்டைக்கால் பெஞ்சில் உட்கார்ந்து நாளைய சேதியையும் சேர்த்து எழுதிவிட்டேன். எழுதி முடித்தபோது உன் அம்மாவைக் கண்ணில் கட்டோடு வெளியே கொண்டுவந்தார்கள். "என்னடா கரகரன்னு எழுதுற, படி" என்றாள். படித்தேன். போட்டோ வந்த இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினாள். "அந்த எடம் பொய்யின்னு எழுது. எம்புள்ளைக்குப் பொய் போகக் கூடாது" என்றாள். எழுதிவிட்டேன். கட்டைப் பிரித்த இடம் மட்டும் நானாகப் புனைந்தது. போட்டோ இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது, வேர்வையில் ஒரு ஓரம் நனைந்திருக்கிறது. கத்தி சுத்தமாகப் போயிற்று என்று டாக்டர் சொன்னது நிஜம், அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் சாலிசுவின் பஸ்ஸில் திருத்தம் எதுவும் வரவில்லை என்றால் மேலே எழுதியது அப்படியே நடந்தது என்று வைத்துக்கொள். சாலிசு ஹாரன் அடிக்கிறான். உன் அம்மா பசிக்கிறது என்கிறாள். பெஞ்சு அடியில் மறைத்து வைத்திருந்த அமலாப் பொட்டலத்தை, ஆபரேஷன் ஆனவளுக்கு ஒரு கிள்ளு கொடுத்தால் என்ன என்று எடுத்து நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "காராமணி இல்லையாடா?" என்று கேட்டாள். இதை மட்டும் நான் முன்கூட்டியே சொல்லவில்லை.